சிங்கப்பூரில் சொன்ன சாட்சி

வெள்ளிக்கிழமை காலை ஐந்தரை மணிக்குப் பட்டினப்பாக்கத்தில் ஆட்டோ ஏறினோம். நந்தனம் மெட்ரோ நிலையம் வரை நூற்றைம்பது ரூபாய். முப்பது வருடத்துக்கு மேல் மாநகரப் பேருந்தில் விசில் ஊதியவன் நான். அந்தத் தூரத்துக்கு அவ்வளவு கொடுக்கக் கை கூசத்தான் செய்தது. முதல் பேருந்திலேயே போய்விடலாமே என்று வாயெடுத்தேன். என் மனைவி தனம் பார்த்த பார்வையில் பேச்சை மாற்றிக்கொண்டேன். இரண்டு பெரிய பெட்டிகள், முந்தின நாள் மயிலாப்பூர் தெப்பக்குளத்தருகே வாங்கிய மல்லிகை, தாம்பூலச் சாமான்கள், இரண்டு கிலோ நெத்திலிக் கருவாடு. ஞாயிற்றுக்கிழமை சிங்கப்பூரில் எங்கள் ஒரே மகள் ரேவதிக்குக் கல்யாணம். அங்கே ஒரு மருத்துவமனையில் நர்ஸாக இருக்கிறாள். மாப்பிள்ளை அந்த ஊர்த் தமிழ்ப் பையன்.

ஆட்டோ டிரைவர் பெட்டிகளைப் பார்த்தார். "இன்னா நைனா, ஃபாரினா?"

"சிங்கப்பூரு. பொண்ணு கல்யாணம்."

"சூப்பரு. ரெண்டு பேரும் போய்க்கினு கீறீங்களா?"

"நான் போயிடுவேன். இவங்கள உள்ள வுடுவாங்களான்னுதான் தெர்ல."

ஏன் என்று அவர் கேட்பதற்குள் தனமே சொல்லிவிட்டாள். "எம்மேல கேஸ் இருந்திச்சிப்பா. கோர்ட்ல தண்டன வாங்கனவ நானு."

அவர் கண்ணாடியில் அவளை ஒருமுறை பார்த்தார். மஞ்சள் பூசிய முகம், புதுப் புடவை, மடியில் கருவாட்டுப் பை. அதற்குப் பிறகு நந்தனம் வரும்வரை மனிதர் வண்டியை விரட்டு விரட்டென்று விரட்டினார்.

படிக்கிறவர்களும் அப்படி மிரண்டுவிடக் கூடாது என்பதால் அந்தக் கதையை இங்கேயே சொல்லிவிடுகிறேன். தனம் கடற்கரைச் சாலையில் மீன் விற்பவள். பல வருடங்களுக்கு முன்பு ஒரு கோடையில் எங்கள் குடியிருப்புக் குழாயில் காற்றுதான் வந்தது. தண்ணீர் லாரியும் நாலைந்து நாளாக எட்டிப் பார்க்கவில்லை. அந்த நேரம் பார்த்து ரேவதி பெரியவளானாள். தாய்மாமன் சீர்த்தட்டோடு வந்து உட்கார்ந்துவிட்டான். பெண்ணின் தலைக்கு ஊற்ற வீட்டில் ஒரு சொம்புத் தண்ணீர் இல்லை. தனம் காலிக் குடத்தை எடுத்துக்கொண்டு சாந்தோம் நெடுஞ்சாலைக்கு நடந்தாள். அக்கம்பக்கத்துப் பெண்களும் ஆளுக்கொரு குடத்தோடு பின்னால் போனார்கள். சாலையின் குறுக்கே குடங்களை வரிசையாக வைத்தார்கள். அங்கே வந்து நின்ற முதல் வண்டி வடபழனி பஸ். அதில் கண்டக்டர் நான்.

லீவு கிடைக்காமல் அரை மனதோடு வேலைக்குப் போயிருந்தேன். இறங்கிப் போய், "இன்னாம்மே இது, வண்டிய வுடு, நான் டூட்டில கீறேன்" என்றேன்.

"நானும் டூட்டிலதான்யா கீறேன். நீ போய் வண்டில குந்து" என்றாள்.

சாயங்காலம் லாரி வந்தது. அதற்கு முன்பே போலீசும் வந்து பெயர் எழுதிக்கொண்டு போயிருந்தது. முதல் பெயர் தனம். வழக்கு சைதாப்பேட்டை நீதிமன்றத்துக்குப் போனது. டிரைவரும் நானும் அரசுத் தரப்பு சாட்சிகள். சொந்தப் பெண்டாட்டிக்கு எதிராகக் கூண்டில் ஏற வேண்டிய நிலைமை. வழக்கு நிற்காது, தைரியமாக நடத்தலாம் என்று இலவச சட்ட உதவி வக்கீல் தலைபாடாக அடித்துக்கொண்டார். ஆனால் நீதிபதி கேட்டதும் தனம், "ஆமாங்க ஐயா, நான்தான் மறிச்சேன்" என்று சொல்லிவிட்டாள். முந்நூறு ரூபாய் அபராதம், நீதிமன்றம் கலையும் வரை காவல். அதாவது, சாயங்காலம் நீதிபதி எழுந்து போகும்வரை அங்கேயே உட்கார்ந்திருக்க வேண்டும். கடைசி பெஞ்சில் அவள் உட்கார்ந்தாள். துணைக்கு நானும் உட்கார்ந்தேன். அதோடு முடிந்தது. சாட்சி சொல்வதற்கென்று தேய்த்துப் போட்டுக்கொண்டு போன வெள்ளைச் சட்டைக்கு வேலையே இல்லாமல் போய்விட்டது. வாய்தாவுக்கு வாய்தா அலைந்தால் மீன் வியாபாரம் கெடும், அதனால்தான் ஒப்புக்கொண்டாள் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

அந்தத் தண்டனை இந்தக் கல்யாணத்தின்போதுதான் தலைதூக்கியது. விசாவுக்காகத் தி.நகர் பனகல் பூங்கா பக்கம் மாடியில் இருக்கும் ஓர் ஏஜென்டிடம் போயிருந்தோம். எங்காவது நீதிமன்றத்தில் தண்டிக்கப்பட்டதுண்டா என்று விண்ணப்பத்தில் ஒரு கேள்வி. 'இல்லை' என்று போட்டுவிடலாம், குடம் வைத்த கேஸ் சிங்கப்பூருக்கா தெரியப்போகிறது என்றார் அவர்.

தனம் ஒத்துக்கொள்ளவில்லை. "ஜட்ஜி கேட்டப்போ ஆமான்னேன். கம்ப்யூட்டரு கேட்டா இல்லன்னுவேனா? எழுது நைனா, ஆமான்னே எழுது."

சைதாப்பேட்டைக்கு மூன்று நடை நடந்து தீர்ப்பின் நகல் வாங்கி இணைத்தோம். என் விசா அந்த வாரமே வந்துவிட்டது. அவளுடையது வரவில்லை. பெற்ற தாய் இல்லாமல் ஒரு பெண் மணையில் உட்காருவதா என்று எனக்குச் சோறு இறங்கவில்லை. தனமோ ராயப்பேட்டைக்கும் தி.நகருக்கும் அலைந்து வளையல் வாங்கிக்கொண்டிருந்தாள். கல்யாண வாரத்துத் திங்கட்கிழமை விசா வந்தது. ஏஜென்ட் அப்போதும் முழுசாகச் சந்தோஷப்பட விடவில்லை. "விசா வந்தா மட்டும் போதாது சார். அங்க கவுண்டர்ல திருப்தி இல்லன்னா அடுத்த ஃபிளைட்ல ஏத்தி விட்ருவாங்க" என்றார். இந்தப் பயத்தோடுதான் நாங்கள் புறப்பட்டது.

நந்தனத்திலிருந்து மெட்ரோ அரை மணிக்குள் விமான நிலையத்தில் கொண்டுபோய் விட்டது. சில்லறைத் தகராறு இல்லை, படியில் தொங்குகிறவர்கள் இல்லை. எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது. பத்தேகாலுக்கு விமானம். சென்னையிலிருந்து சிங்கப்பூர் ஏறத்தாழ இரண்டாயிரத்துத் தொள்ளாயிரம் கிலோமீட்டர், நாலு மணி நேரத்துக்குச் சற்று அதிகம். போகவர ஒருவருக்குப் பத்தொன்பதாயிரம் ரூபாய்.

விமானத்தில் தனத்துக்கு அந்தப் பக்கம் ஒரு மாமி. ராஜா அண்ணாமலைபுரத்துக்காரர், பிள்ளையைப் பார்க்கப் போகிறார். பேச்சு பெல்ட்டை எப்படி மாட்டுவது என்பதில் தொடங்கி வழக்கில் வந்து நின்றது. தண்ணீருக்காகப் பஸ்ஸை மறித்த கேஸ் என்று தனம் சொன்னதும் மாமி கைப்பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டார்.

"அந்த வருஷம் எங்காத்துலயும் பொட்டுத் தண்ணி கெடையாது. லாரிக்குப் பணத்தைக் கட்டிட்டு வாசல்லயே நின்னுண்டு இருப்போம். மறிச்சா வரும்னு யாருமே சொல்லலையே எங்களுக்கு" என்றார்.

"அடுத்த தபா சொல்லி அனுப்புறேன், வாங்க" என்றாள் தனம். இருவரும் முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தார்கள். மாமி தன் பையிலிருந்து தட்டை கொடுத்தார். பதிலுக்குத் தனம் கருவாட்டைப் பற்றிப் பேச ஆரம்பித்ததும் நான் தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கொண்டேன்.

சிங்கப்பூர் நேரப்படி மாலை ஐந்து மணிக்கு இறங்கினோம். நம் கடிகாரத்தைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடும் ஊர். காலடியில் கம்பளம், எங்கே பார்த்தாலும் செடிகள், அறிவிப்புப் பலகைகளில் தமிழ். தமிழைப் பார்த்ததும் எனக்குத் தெம்பு வந்தது. குடிநுழைவுக் கவுண்டரில் என்னை ஒரு நிமிடத்தில் அனுப்பிவிட்டார்கள். பின்னால் வந்த தனத்தின் கடவுச்சீட்டை வாங்கிய அதிகாரி திரையைப் பார்த்தார், மறுபடி பார்த்தார், யாரையோ அழைத்தார். அவளை ஓரமாக இருந்த ஓர் அறைக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். போகும்போது திரும்பி, "யோவ், பூவ வெயில்ல வெக்காத" என்றாள். கட்டடத்துக்குள் வெயில் எங்கே இருக்கிறது! அவளுக்கும் உள்ளுக்குள் உதறல்தான் என்று அப்போது புரிந்தது.

வெளியே ரேவதி காத்திருக்கிறாள். ஃபோன் செய்து என்ன சொல்வது? உள்ளே நான், வெளியே அவள், நடுவில் ஒரு கதவு. வேண்டாத தெய்வமில்லை. கொஞ்ச நேரத்தில் ஒரு காவலர் வந்து என்னையும் அந்த அறைக்குள் அழைத்தார்.

மேசைக்குப் பின்னால் நடுவயது அம்மையார் ஒருவர், தமிழ் அதிகாரி. பேச்சில் அதட்டல் இல்லை. "ஐயா, உங்க மனைவி மறிச்சது உங்க பஸ்ஸைத்தானாம், உங்களையே கேட்டுக்கச் சொல்றாங்க. உண்மையா?"

தனம் சுவரோரம் நாற்காலியில் உட்கார்ந்து, சொல்லு என்பதுபோல் தாடையை அசைத்தாள். சைதாப்பேட்டையில் கேட்கப்படாத சாட்சியம் சிங்கப்பூரில் கேட்கப்பட்டது. நான் என்னையறியாமல் நிமிர்ந்து நின்றேன்.

"உண்மைதான்மா. வடபழனி பஸ்ஸு. நான்தான் கண்டக்டரு. மறிச்சது இவங்கதான்" என்று கைநீட்டி அடையாளம் காட்டினேன். "யாரையும் அடிக்கல, கல்லு வுடல. கொடத்த வெச்சிட்டு நின்னாங்க. அன்னிக்கு சாயங்காலமே தண்ணி வந்துட்ச்சி."

அதிகாரி தீர்ப்பு நகலைப் புரட்டினார். "வக்கீல் இருந்திருக்காரே. வாதாடிப் பார்க்காம ஏம்மா உடனே ஒத்துக்கிட்டீங்க?"

தனம் என்னை ஒருமுறை பார்த்தாள். பிறகு அந்த அம்மையாரிடம், "நீங்களும் பொம்பள, அதனால சொல்றேன்" என்று குரலை இறக்கினாள். "கேஸ் நடந்தா ஏன் மறிச்சேன்னு கேப்பாங்க. எம் பொண்ணு வயசுக்கு வந்தத அங்க சொல்லணும். ரூம் பூரா ஆம்பளைங்க, போலீசு, வக்கீலு. சின்னப் பொண்ணு, ஸ்கூலு போற புள்ள. அது பேச்ச அங்க இழுக்க எனக்கு மனசு வர்ல. ஆமான்னுட்டா யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க இல்ல."

இத்தனை வருடமாக ஒரே வீட்டில் இருக்கிறேன், எனக்கு இது தெரியாது. ஆட்டோக்காரரிடமும் மாமியிடமும் வழக்கைப் பற்றி வாய் ஓயாமல் சொன்னவள் தண்ணீர் என்பதோடு ஏன் நிறுத்திக்கொண்டாள் என்று அப்போதுதான் விளங்கியது. வியாபாரம் கெடும் என்று ஒப்புக்கொண்டாள் என நினைத்திருந்த என் புத்தியை நினைத்து வெட்கப்பட்டேன். அதைவிட அதிகமாக இவள் என் மனைவி என்று பெருமைப்பட்டேன். கண்ணில் நீர் வந்துவிட்டது.

"கல்யாணம் யாருக்கு?" என்றார் அதிகாரி.

"அந்தப் பொண்ணுக்குத்தாங்க."

அந்த அம்மையார் கணினியில் ஏதோ தட்டினார். கடவுச்சீட்டை மூடி, இரண்டு கையாலும் தனத்திடம் கொடுத்தார். "போய் நல்லபடியா நடத்துங்கம்மா."

தனம் அதைப் புரட்டிப் பார்த்தாள். "முத்திர குத்தலீங்களே?"

"இப்போ குத்துறதில்லம்மா. ஈமெயில்ல வந்துடும்."

"அக்கம்பக்கத்துல காட்டலாம்னு பார்த்தேன்" என்று அவள் சொன்னதற்கு அதிகாரி வாய்விட்டுச் சிரித்தார். வெளியே ரேவதி எங்களைக் கட்டிக்கொண்டு ஏன் இவ்வளவு நேரம் என்று கேட்டாள். "கும்பலு" என்றாள் தனம்.

சனிக்கிழமை காலை மாப்பிள்ளை எங்களை இரண்டடுக்குப் பேருந்தில் ஏற்றிச் சிராங்கூன் சாலைக்குக் கூட்டிப்போனார். மேல் தளத்தில் முன் சீட். அட்டையைத் தட்டினால் கட்டணம் கழிந்துவிடுகிறது. கண்டக்டர் என்ற ஜாதியே அங்கே இல்லை. நிறுத்தத்தில் ஒரு கிழவர் ஏறி உட்காரும்வரை வண்டி நகரவில்லை. நம் ஊரில் நான் எத்தனை பேரை "உள்ள போ, உள்ள போ" என்று விரட்டியிருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் வண்டியில் ஒருவரும் ஒருவரோடும் பேசவில்லை. பட்டினப்பாக்கத்தில் ஏறி லஸ் வருவதற்குள் நம் பஸ்ஸில் ஒரு வீட்டுச் சண்டை முழுவதும் காதில் விழுந்துவிடும். அந்த விஷயத்தில் நாம்தான் மேல்.

ஞாயிற்றுக்கிழமை காலை கோயில் மண்டபத்தில் தாலி ஏறியது. ஃபிரிட்ஜில் வைத்திருந்த மல்லிகை வாடாமல் ரேவதி தலையில் இருந்தது. பந்தியில் ரேவதி, மாப்பிள்ளை, சம்பந்தியம்மா, நாங்கள் எல்லோரும் ஒரே வரிசை. சம்பந்தியம்மா நல்ல மனதோடுதான் கேட்டார். "வெள்ளிக்கிழமை உங்கள ரொம்ப நேரம் உள்ள வச்சிட்டாங்களாமே, என்ன விஷயம்?"

நான் பெட்டி தாமதமாக வந்ததாகச் சொல்ல வாயெடுத்தேன். கேஸை யாரிடமும் மறைக்காத தனம் இலையில் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள்.

ரேவதி நிமிர்ந்தாள். "அம்மா மேல ஒரு கேஸ் இருந்துச்சு அத்தை. நான் பெரியவளானப்போ தலைக்கு ஊத்த வீட்டுல தண்ணி இல்ல. அம்மா போயி ரோட்டுல குடத்த வச்சி அப்பா பஸ்ஸயே மறிச்சாங்க. அதுக்குத் தண்டனை. கோர்ட்டுல என் பேர் வரக்கூடாதுன்னு அவங்களே குத்தத்த ஒத்துக்கிட்டாங்க. அம்மா சொல்ல மாட்டாங்க. ஆனா கூடப் போன அக்காங்க பேசிக்கிட்டது காதுல விழுந்து எனக்கு அப்பவே தெரியும்" என்றாள். பந்தியில் எல்லோருக்கும் கேட்கும்படிதான் சொன்னாள்.

சம்பந்தியம்மா எழுந்தார். பரிமாறிக்கொண்டிருந்தவரிடமிருந்து பாயச வாளியை வாங்கி, தானே வந்து தனத்தின் இலைக்கு எதிரே குனிந்தார்.

தனம் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, "இன்னாய்யா அழுதுகினு கீற? எல எடுத்துடப் போறாங்க, துன்னு" என்றாள்.