அக்கா மெலிந்த கதை

பாறசாலைக்குப் பக்கத்தில், பழைய ரப்பர் ஷீட் கிடங்கு ஒன்றில் ஜிம் நடத்துகிறேன். சுவர் நீளத்துக்குக் கண்ணாடி, அதற்குக் கீழே அலமாரி. அலமாரியில் புரதப் பொடி டப்பாக்களும், கொழுப்பைக் கரைக்கும் என்று லேபிள் ஒட்டிய புட்டிகளும் இருக்கும். அவற்றைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்த லேபிளில் இருந்ததுதான். ஆனால் வாய் மட்டும் டாக்டருக்கு மேல்.

என் அக்கா திருப்புறத்தில் குடியிருக்கிறாள். ஐம்பதைத் தாண்டியவள். பத்து வருஷமாகச் சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிட்டு வந்தாள். முட்டுவலி பொறுக்காமல் ஒருநாள் ஜிம்முக்கே வந்துவிட்டாள்.

"எலே, எனக்க தடி கொறையுமா?"

"நான் சொல்லுதபடி கேட்டா கொறையும் ஆக்கும்" என்றேன்.

இரவில் சோற்றுக்கும் கிழங்குக்கும் பதிலாகப் பொடி கலக்கிய பால், காலையில் ஒரு மணி நேரம் வேகநடை. இரண்டு மாதத்தில் உண்மையாகவே இளைத்தாள். சர்க்கரையும் இறங்கியது. மாத்திரையும் சேர்ந்துதான் அதை இறக்கியது என்று அவளுக்குத் தோன்றவில்லை. எனக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

எங்கள் சபையில் ஞாயிறு ஆராதனையின்போது சாட்சி சொல்வது வழக்கம். நன்மை பெற்றவர் எழுந்து நின்று எல்லோர் முன்னிலையிலும் சொல்வார், சபை ஸ்தோத்திரம் சொல்லும். ஒரு ஞாயிறு அக்கா எழுந்தாள்.

"பத்து வருஷமா தின்ன குளிகைய விட்டாச்சு. கர்த்தர் எனக்க தம்பி வழியா சுகம் தந்தாரு."

நான் வாயைத் திறந்திருக்க வேண்டிய இடம் அது. திறக்கவில்லை. கூச்சப்படுகிறவன்போல் தலையைக் குனிந்துகொண்டு, உள்ளுக்குள் பூரித்துப்போய் உட்கார்ந்திருந்தேன். அந்த வாரமே சபையிலிருந்து ஐந்து பெண்கள் ஜிம்மில் சேர்ந்தார்கள்.

அதற்குப் பிறகு அக்கா இன்னும் வேகமாக மெலிந்தாள். கன்னம் ஒட்டிப்போயிற்று. எந்நேரமும் தாகம் என்றாள். வேர்க்க வேர்க்க நடக்கிறாய், தண்ணீர் நிறையக் குடி என்றேன். மாதாமாதம் அவளைப் போட்டோ எடுத்து ஜிம் சுவரில் ஒட்டினேன். என் பொடியும் நடையும் செய்த வேலை என்று வருகிறவர்களிடமெல்லாம் பீற்றிக்கொண்டேன். மாத்திரை இல்லாமல் எகிறிய சர்க்கரைதான் அவளை உருக்கிக்கொண்டிருந்தது.

அவளுக்கே சந்தேகம் வந்து, ஒருமுறை யாருக்கும் தெரியாமல் ரத்தம் சோதித்துப் பார்த்திருக்கிறாள்; சர்க்கரை எகிறியிருந்தது. அப்போதே மாத்திரையைத் தின்றிருக்கலாமே என்று பின்னால் கேட்டேன்.

"சபைக்க முன்னால விட்டாச்சுன்னு சொல்லிட்டு, பின்ன எப்பிடிலே திங்க? கர்த்தருக்க பேருல பொய் சொன்னதா ஆயிராதா?"

நடைக்கென்று நான் வாங்கிக் கொடுத்த ஷூ அவள் காலைக் கடித்திருக்கிறது. சர்க்கரையால் மரத்துப்போன காலில் வலி தெரியவில்லை. புண்ணில் நாற்றம் வந்த பிறகுதான் நெய்யாற்றின்கரைக்கு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

"மருந்நு நிர்த்தான் ஆரு பறஞ்ஞு?" என்று டாக்டர் கேட்டார்.

யாரும் சொல்லவில்லை, நானாகத்தான் நிறுத்தினேன் என்றாள் அக்கா. நான் பக்கத்தில்தான் நின்றேன். இரண்டு கால்விரல்களை எடுத்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றே ஒன்றைத்தான் கேட்டாள். "சபையில கேட்டா கல்லு தட்டினதுன்னு சொல்லு மக்கா."

சரி என்றேன். அடுத்த ஞாயிறு, கல் தட்டிக் காயப்பட்ட சகோதரிக்காகப் போதகர் உருக்கமாக ஜெபித்தார். எல்லோரோடும் சேர்ந்து நானும் ஆமென் சொன்னேன்.

வெளியே வந்தபோது, ஜிம்மில் சேர்ந்த பெண்களில் மூத்தவர் ஒருவர் சிரித்துக்கொண்டே கிட்ட வந்தார்.

"தம்பி, நானும் மெலிஞ்சு வாறேன், பாத்தியா? ஒனக்க அக்கா சாட்சி சொன்ன அண்ணைக்கே நானும் சுகர் குளிகைய விட்டாச்சு."

அங்கேயே, அத்தனை பேர் நிற்கும்போதே, எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கல் தட்டவில்லை, மாத்திரையை விட்டதால்தான் விரல் போயிற்று, தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருந்தவன் நான் என்று. அந்த அம்மாவின் முகம் வெளிறிப்போயிற்று. இன்றைக்கே டாக்டரிடம் போகிறேன் என்றார்.

சாயங்காலத்துக்குள் செய்தி திருப்புறத்துக்குப் போய்விட்டது. நான் கூப்பிட்டால் அக்கா போனை எடுப்பதில்லை. வீட்டுக்குப் போனால் உள்ளறையை விட்டு வெளியே வருவதில்லை. விரல்கள் போனதற்காக என்னை ஒரு வார்த்தை சொல்லாதவள், தன் சாட்சியைப் பொய்யாக்கியதற்காக இன்னும் என்னை மன்னிக்கவில்லை.