இருமலுக்கு ஏழு பெட்டி

துணி தைப்பவர்களிடம் அளவுநாடா இருக்கிறது. இருமல் அளக்கும் என்னிடம் ஒரு கேள்வித்தாளும், ஒவ்வொரு கேள்விக்கும் ‘எப்போதும்’ முதல் ‘ஒருபோதும் இல்லை’ வரை ஏழு பெட்டிகளும் இருக்கின்றன. கிளிநொச்சிப் பக்கம் ஒரு நெஞ்சுநோய் கிளினிக்கில் வேலை. சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்று ஒரு பிறவி வருத்தம். சளி பசையாகும், வேர்வை உப்பாகும், பலரைப் பிள்ளை வயதிலேயே கொண்டுபோகும். அதோடு வளர்ந்து பெரியவர்களானவர்களை இருமல் என்ன பாடுபடுத்துகிறது என்று கேட்க வேண்டும். கேள்வி கேட்டுச் சம்பளம் வாங்குகிறவர்களே, உங்களுக்கு என் நிலை விளங்கும்.

அது இருமல் இல்லை

முதலில் வந்தவர் அன்ரன் அண்ணா, முல்லைத்தீவுக் கரையில் வலை திருத்துபவர். முதல் கேள்வியை நான் வாசித்து முடிக்குமுன் கதிரை ஆட ஆட இருமினார். கன்னியாஸ்திரிகளிடம் படித்த பழக்கத்தில் வாயைப் பொத்த என் லேஞ்சியை நீட்டினேன். இந்த இரண்டு கிழமையில் இருமல் தொந்தரவு தந்ததா? “ஒருபோதும் இல்லை” என்றார். அப்படியென்றால் இப்போது வந்தது என்ன என்றேன்.

“இது சளி எடுக்கிறது, மிஸ். இருமல் எண்டால் உங்களைப்போல ஆக்களுக்கு வாறது.”

சங்கடம்

இரணைமடுப் பக்கத்துச் சுகந்தி அக்காவிடம், ஆட்கள் முன்னால் இருமச் சங்கடப்படுகிறீர்களா என்று கேட்டேன். கேள்வியை எழுதிய வெள்ளைக்காரர் எங்கள் பஸ்ஸில் ஏறியதில்லை.

“கொரோனாவுக்குப் பிறகு நான் இருமினால் பக்கத்தில இருக்கிறவை எழும்பிப் போயிடுவினம். வவுனியா போய்ச் சேருமட்டும் காலை நீட்டிக்கொண்டு போறன், தங்கச்சி. அதுக்கு எந்தப் பெட்டி?”

முன்னேற்றம்

புள்ளி கூடினால் இருமல் குறைவு என்பது தாளின் கணக்கு; ஆளாளுக்கு ‘ஒருபோதும் இல்லை’ என்றதில் புள்ளிகள் ஏறின. தன் வைத்தியம் பலித்ததென்று எங்கள் டொக்டர் கொழும்புக் கூட்டத்துக்கு வரைபடம் கீறினார். வெளியே வாங்குப் பலகையில் இருந்தவர்கள் இருமுவது சுவர் தாண்டிக் கேட்டது. “சேர், உங்களுக்கும் கேட்கிறதா?” என்று அவரிடம் கேட்டேன்.

“கதவைச் சாத்துங்கோ, பிள்ளை. அது ஆய்வுக்குள்ள வராது.”

என் முறை

என் மகன் கைக்குழந்தை. இருமுகிறான், நெற்றியில் கொஞ்சினால் உதட்டில் உப்பு. கொழும்பில் செய்த வேர்வைச் சோதனையின் முடிவு இன்னும் வரவில்லை. வீட்டில் நான் துணிந்தவள். அடுத்த முறை கேள்வித்தாள் நிரப்ப வந்த அன்ரன் அண்ணாவிடம் மட்டும்தான் இதைச் சொன்னேன். பிள்ளை இருமும்போது பயமாக இருக்கிறதா என்று கேட்டார். “ஒருபோதும் இல்லை” என்றேன். அவர் சிரித்தார், சிரிப்போடு இருமினார், ‘சளி எடுத்து’ முடித்ததும் தாளை என் பக்கம் திருப்பினார்.

“மேல என்ர வயசை நீங்கள்தான் எழுதினனீங்கள், மிஸ். முப்பத்தி நாலு. ஒருக்கா வாசிச்சுப் பாருங்கோ.”

ஆக, இதை எழுதி முடிப்பதற்குள் மகன் இரண்டு தரம் இருமிவிட்டான், பயமா என்று யாரும் கேட்டால் நானும் அந்தக் கடைசிப் பெட்டியில்தான் புள்ளடி போடுவேன்.