சித்தப்பாவின் உடம்பு சூடான கதை

பார்சல் கிடங்கில் அவரை எல்லாரும் சித்தப்பா என்றுதான் கூப்பிடுவார்கள். அவருக்கு அண்ணன் கிடையாது, அண்ணன் பிள்ளைகளும் கிடையாது. சைக்கிளில் பார்சல் கொண்டுபோகிறவர்களில் அவரே மூத்தவர் ஆகிவிட்டபடியால் அந்தப் பதவி தானாக வந்து ஒட்டிக்கொண்டது. இத்தனை வருஷத்தில் அவருக்குக் கிடைத்த பதவி உயர்வு அது ஒன்றுதான்.

அவருடைய பகுதி மேட்டுத் தெருக்கள். ஏறும்போது வலது முழங்கால் முனகும், இறங்கும்போது பிரேக் முனகும். இரண்டுக்கும் அவர்தான் எண்ணெய் போடவேண்டும். வேலை முடிந்து வந்தால், குனிந்து செருப்பைக் கழற்றலாமா, இல்லை அப்படியே படுத்துவிடலாமா என்று வாசலிலேயே யோசித்துக்கொண்டு நிற்பார். அதனால் ஆற்றோரப் பகுதிக்காரர் ஓய்வு பெற்றபோது, அந்தச் சமதரை மட்டும் தனக்கு வந்தால் போதும், இந்த ஜென்மத்தில் வேறொன்றும் கேட்பதில்லை என்று முடிவு செய்திருந்தார்.

மேலாளர் நியாயஸ்தர். ஆற்றோரத்தைப் பலபேர் கேட்டதால் பந்தயம் வைத்துவிட்டார். கிடங்கு வாசலிலிருந்து தண்ணீர்த் தொட்டிவரை போய்த் திரும்பவேண்டும். முதலில் வருகிறவனுக்கு ஆற்றோரம். அதாவது, நன்றாக மிதிக்க முடிந்தவனுக்கு மிதிக்கத் தேவையில்லாத வழி. மிதிக்க முடியாதவனுக்கு மேடு. இந்த மாதிரி யோசனையெல்லாம் சும்மா வந்துவிடாது, அதற்கென்று படிக்கவேண்டும்.

பந்தயத்தில் யாருக்கும் தசை பிடித்துக்கொள்ளக் கூடாதே என்று தலைமை அலுவலகம் ஓர் உடல்நல ஆலோசகரையும் அனுப்பிவைத்தது. கழுத்தில் விசிலுடன் காரில் வந்து இறங்கினார்.

“வார்ம்-அப் இல்லாம சைக்கிள்ல ஏறுறவன் தன் காலுக்குத் தானே குழி வெட்டுறான்” என்று ஆரம்பித்தார்.

சித்தப்பாவின் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. வீட்டிலிருந்து மிதித்து வந்ததில் முழங்காலும் காலை நேரத்துப் பிணக்கை விட்டுவிட்டுச் சொன்னபடி கேட்டுக்கொண்டிருந்தது. இப்போதே விசில் ஊதினால் ஒரு கை பார்த்துவிடலாம்.

“சார், நான் வீட்டுலேர்ந்து மிதிச்சுத்தான் வந்திருக்கேன். உடம்பு சூடாத்தான் இருக்கு.”

“அது பயணம். இது வார்ம்-அப். ரெண்டும் வேற வேற.”

“சரிங்க சார். வேர்வை மட்டும் ஒண்ணுபோல இருந்துச்சு, அதான் கேட்டேன்.”

ஆலோசகர் எல்லாரையும் நிழலில் வரிசையாக நிறுத்தி, தசை என்றால் என்ன, தசைக்கு ரத்தம் ஏன் போகிறது, போகாவிட்டால் என்னவாகும் என்று படம் காட்டி விளக்கினார். குறை சொல்லமுடியாத உரை. சரக்கு இறக்கும் பக்கத்துக் கதவு வழியாகக் காற்று சிலுசிலுவென்று வந்தது. வேர்வை காய்ந்தது. முழங்கால் மெல்ல மெல்லப் பழைய பிணக்குக்குத் திரும்பியது. கடைசியில் ஆலோசகர் கடிகாரத்தைப் பார்த்து, “நேரமாயிடுச்சு. எல்லாரும் கைய ஒரு தடவ மேல தூக்கி இறக்குங்க, போதும்” என்றார்.

அப்போதுதான் மச்சினன் வந்து சேர்ந்தான். சித்தப்பாவின் மனைவிக்குத் தம்பி. அதே கிடங்கில் வேலை, சித்தப்பா வீட்டிலேயே சாப்பாடு, படுக்கை. பந்தய நாளிலும் தூங்கிப்போய், இருக்கையில் உட்காராமலே மிதித்து வந்திருந்தான்.

“என்ன மாமா, ஆரம்பிச்சுட்டாங்களா?”

“இல்ல மாப்ளே. எங்கள ஆற வச்சுக்கிட்டிருக்காங்க.”

விசில் ஒலித்தது. மச்சினன் சைக்கிளைவிட்டு இறங்கவே இல்லை. வந்த வேகத்தில் அப்படியே திருப்பிக்கொண்டு போனான். மற்றவர்கள் உறக்கத்தில் எழுப்பப்பட்டவர்கள் மாதிரிக் கிளம்பினார்கள். சித்தப்பாவின் முழங்கால் தண்ணீர்த் தொட்டியைத் தாண்டித் திரும்பிய பிறகுதான் சமாதானத்துக்கு வந்தது. அதற்குள் மச்சினனுக்கு மாலை போடாத குறையாக மேலாளர் கைகுலுக்கி முடித்திருந்தார். சித்தப்பாவுக்குப் பின்னால் வந்தவன் ஒருவன்தான், அவனுக்குச் செயின் கழன்றிருந்தது.

“உடம்பு சூடா இருந்தா என்ன ஆகும்னு இவரப் பாத்துக் கத்துக்குங்க” என்று ஆலோசகர் மச்சினனைக் காட்டினார். சொன்னதில் தப்பொன்றும் இல்லை.

அன்று மாலை வீட்டில் தம்பிக்கு ராஜ உபசாரம். “இவனுக்கும் ஒரு காலம் வரும்னு சொன்னேன்ல” என்று மனைவி பக்கத்து வீட்டுக்கும் கேட்கும்படி சொன்னாள். சித்தப்பா முழங்காலுக்கு வெந்நீர்த் துணி ஒற்றிக்கொண்டு தலையாட்டினார். மச்சினன் அந்தத் துணியையே பார்த்தபடி சாப்பிட்டான்.

மறுநாள் கிடங்கைவிட்டு வெளியே வந்து முனை திரும்பியதும் சைக்கிளைக் குறுக்கே நிறுத்தினான்.

“மாமா, பார்சல் பைய மாத்திக்கலாம். ஆத்தோரம் நீங்க போங்க.”

“வேணாம்டா. நீ ஜெயிச்சது.”

“ரொம்பப் பிகு பண்ணாதீங்க. ஒங்க முட்டி சத்தத்துல ராத்திரியெல்லாம் தூக்கமே இல்ல.”

“மேனேஜருக்குத் தெரிஞ்சா?”

“அவருக்குப் பார்சல் போய்ச் சேந்தாப் போதும்.” பையைக் கழற்றியவன், கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டான். “ஒண்ணு மட்டும். அக்காவுக்குத் தெரியக் கூடாது. நான் பொறந்ததுலேர்ந்து இப்பத்தான் என்னப் பத்தி நாலு பேருகிட்ட நல்லதா பேசுறா.”

சித்தப்பா மேட்டுப் பையைத் தூக்கி அவன் தோளில் மாட்டினார்.

சாயங்காலம் இருவரும் முன்னும் பின்னுமாக வீடு வந்து சேர்ந்தார்கள். சித்தப்பா முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

“தம்பி மாதிரி நீங்களும் கொஞ்சம் முனைஞ்சிருந்தா, இன்னும் அந்த மேட்டுல கெடந்து சாகணுமா?” என்றாள் மனைவி.

“என்ன பண்றது, அவன் காலு அப்படி” என்றார் சித்தப்பா.

மச்சினன், மூச்சு வாங்குவது அக்காவுக்குத் தெரியாமலிருக்க, ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்து தெருவில் எதையோ அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தான்.