எங்கே வலிக்கிறது என்று கேட்டவள்

ஆந்திர எல்லையில் இருக்கும் வரதய்யபாளையத்து யாமினி, காருக்கு ரப்பர் பட்டை செய்யும் ஒரு கொரியக் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தபோது அவளுக்கு இருபத்தொன்பது வயது. புத்தூரில் கட்டிக்கொடுத்த வீட்டிலிருந்து மூன்றே வருடத்தில் திரும்பி வந்தவள். அப்பா வேதாச்சலத்துக்கு இரண்டு ஏக்கர் நிலமும் நான்கு மாடுகளும் இருந்தன. மகள் வேலைக்குப் போவதை அவர் வேண்டும் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

சேர்ந்த வாரமே, கொரியாவிலிருந்து வந்திருந்த டெக்னீஷியன் பாக், லைனில் நின்ற பெண்களைப் பார்த்து "பல்லி! பல்லி!" என்று கத்தினார். பெண்கள் அண்ணாந்து கூரையைப் பார்த்தார்கள். யாமினிக்குப் பக்கத்தில் நின்ற தரணி துப்பட்டாவை உதறினாள். பாக் இன்னும் உரக்கக் கத்தினார். அவர்கள் இன்னும் கவனமாகத் தேடினார்கள். கடைசியில் சூப்பர்வைசர் கிரண்குமார் ஓடிவந்தான்.

"பல்லியும் இல்ல, ஒண்ணும் இல்ல. சீக்கிரம் செய்யுங்கன்னு சொல்றாரு!"

மற்றவர்கள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். யாமினிக்குச் சிரிப்பு வரவில்லை. எதிரில் இருப்பவர் திட்டுகிறாரா, வேலை சொல்கிறாரா என்றே தெரியாமல் எட்டு மணி நேரம் நிற்பது அவளுக்குப் பிடிக்கவில்லை. அன்று திரும்பும்போது கம்பெனி பஸ்ஸிலேயே போனைத் திறந்து, கொரிய மொழியில் அன்றாடம் பேசும் வாக்கியங்களைக் கற்றுத்தரும் ஒரு வீடியோவைத் தேடி எடுத்தாள்.

ஒரு நாளைக்கு ஒரு வாக்கியம். வீட்டில் பேசியது தமிழ் என்றாலும் அவள் படித்தது தெலுங்கு மீடியம். அதனால் நோட்டில் கொரியச் சொல்லைத் தெலுங்கு எழுத்தில் எழுதி, எதிரே தமிழ் அர்த்தத்தையும் தெலுங்கு எழுத்திலேயே எழுதினாள். அன்யங்ஹசேயோ, வணக்கம். கம்சாஹம்னிதா, நன்றி. மொல்லாயோ, தெரியாதுங்க. காலையில் பால் கறக்கும்போது வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

"இன்னா யாமினி, மாட்டாண்ட இன்னா பேசிக்கினு கீறே?" என்று வேதாச்சலம் கேட்டார்.

"சாப்ட்டீங்களான்னு கேக்குறேன் நைனா. அவங்க ஊர்லயும் ஆளப் பாத்தா அதான் கேப்பாங்களாம்."

"மாடு இன்னா சொல்லிச்சி?"

இரண்டு மாதம் கழித்து ஒருநாள் பாக் கையை மெஷினில் இடித்துக்கொண்டார். யாமினி துணிந்து, "கேன்சனா?" என்று கேட்டாள். ஒன்றும் ஆகவில்லையே என்று பொருள். அவர் முகம் சுருங்கியது. பிறகு, "கேன்சனா-யோ" என்று கடைசி எழுத்தை இழுத்துச் சொல்லிக் காட்டிவிட்டுப் போனார். அன்று பஸ்ஸில் அவள் தரணியிடம் சொன்னாள்: "நம்மூர்ல யோவ்னா மரியாத இல்ல. அவங்களாண்ட யோ போடலன்னாதான் மரியாத இல்ல."

அடுத்த கார்த்திகையில் புயல் வந்தது. கம்பெனிக்கு மொழிபெயர்த்துக்கொண்டிருந்த பெண் லீவில் சென்னைக்குப் போய் அங்கேயே மாட்டிக்கொண்டாள். கரண்ட் ஜெனரேட்டரில் ஓடியது. போனில் சிக்னல் அறவே இல்லை. காலை பதினோரு மணிக்குப் பாக் மெஷினுக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்து, "அபா... அபா..." என்று முனகினார்.

"பாவம், அப்பா ஞாபகம் வந்திடுச்சி போல," என்றான் கிரண்குமார். யாரோ மோர் கொண்டுவந்து நீட்டினார்கள்.

லைனை விட்டு நகரக்கூடாது என்பது விதி. யாமினி நகர்ந்து வந்தாள்.

"அவரு அப்பாவக் கூப்பிடல சார். வலிக்குதுன்றாரு."

அவர் எதிரில் குந்தி உட்கார்ந்து, "ஒதி அபாயோ?" என்றாள். எங்கே வலிக்கிறது?

பாக் கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தார். வலது அடிவயிற்றில் கை வைத்து, "யோகி," என்றார். இங்கே. எப்போதிலிருந்து என்று கேட்கும் வாக்கியத்தை அவள் இன்னும் படித்திருக்கவில்லை. இன்றைக்கு, நேற்று என்ற இரண்டு சொற்கள் மட்டும் தெரியும். "ஓனுல்? ஒஜே?"

"ஒஜே."

"நேத்துலருந்து வலிக்குதாம் சார். மோர் குடிச்சி போற வலி இல்ல இது. வண்டி எடுக்கச் சொல்லுங்க."

சென்னைப் பாதையில் தண்ணீர் ஏறியிருந்ததால் யாமினியையும் ஏற்றிக்கொண்டு காளஹஸ்தி வழியாகத் திருப்பதிக்குப் போனார்கள். மழையில் இரண்டரை மணி நேரம். பாக் வழியெல்லாம் ஏதேதோ கேட்டார். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. "சம்கன்மன்யோ" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். ஒரு நிமிஷங்க, ஒரு நிமிஷங்க. அவர் அவள் துப்பட்டாவின் நுனியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தார். அவளும் இழுத்துக்கொள்ளவில்லை.

குடல்வால் வீங்கியிருந்தது. இன்னும் தாமதித்திருந்தால் வெடித்திருக்கும் என்றார் டாக்டர். சாயங்காலமே ஆபரேஷன் முடிந்தது.

அதன் பிறகு கம்பெனியில் அவளைத் தூக்கி வைத்துப் பேசினார்கள். மொழிபெயர்ப்புப் பெண்ணுக்கு உதவியாக ஆபீஸில் உட்கார வைத்தார்கள். முதல் மீட்டிங்கில் கொரியாவிலிருந்து வந்த நான்கு பேர் ஒரு மணி நேரம் பேசினார்கள். அவள் பிடித்தது மொத்தம் ஆறு சொற்கள், அதில் ஒன்று பல்லி. என்ன சொல்கிறார்கள் என்று மேனேஜர் திரும்பிக் கேட்டபோது, "தெரியல சார்," என்றாள். பத்து நாள் பார்த்துவிட்டுத் தானே போய்க் கேட்டு லைனுக்குத் திரும்பினாள்.

"ஆபீஸ்ல ஏசில குந்திக்கினு இருக்கலாமில்ல, பைத்தியமாடி உனுக்கு?" என்றாள் தரணி.

"தெரிஞ்சா மாதிரி குந்திக்கினு இருக்கறது கஷ்டம்டி," என்றாள் யாமினி. நோட்டை மட்டும் விடவில்லை. தெலுங்கு எழுத்தை விட்டுக் கொரிய எழுத்தையே எழுதப் பழகினாள்.

ஒன்றரை வருடம் கழித்து பாக்கின் ஒப்பந்தம் முடிந்தது. கிளம்பும் நாளில் லைன் லைனாக வந்து எல்லோரிடமும் தலை குனிந்து விடைபெற்றார். போகிறவருக்குச் சொல்லும் வாக்கியம் யாமினிக்குத் தெரியும். ஆனால் அதில் நல்லபடியாகப் 'போங்க' என்பதுதான் இருந்தது, 'வாங்க' இல்லை. போகிறவரைப் பார்த்து வெறுமனே போங்க என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. தேடிப் படித்து வைத்திருந்த இன்னொன்றைச் சொன்னாள்.

"தன்யோ ஒசேயோ." போயிட்டு வாங்க.

பாக் நிமிர்ந்தார். அது வேலைக்குக் கிளம்புகிறவரிடம் வீட்டில் இருப்பவர்கள் சொல்வது என்று பக்கத்தில் நின்ற மொழிபெயர்ப்புப் பெண் மெதுவாக விளக்கினாள். யாமினிக்குக் காது சிவந்தது. பாக் சிரிக்கவில்லை. வீட்டிலிருந்து கிளம்புகிறவர் சொல்ல வேண்டிய பதிலை முறைப்படி முழுதாகச் சொன்னார்: போயிட்டு வரேங்க.

வாசலில் நின்றிருந்த கார் ஏர்போர்ட்டுக்குக் கிளம்பியது. அவர் இடத்துக்கு வந்த புது டெக்னீஷியன் நன்றாக இங்கிலீஷ் பேசுகிறார்.