மூணாவது தரம் சொல்லாத ராமசாமி அண்ணன்

அரியலூரைத் தனி மாவட்டமாக்கி, திரும்பவும் பெரம்பலூரோடு சேர்த்து, மறுபடியும் பிரித்தார்களே... அந்த வருஷத்து ஆடித் திருவிழாவில் ஒரே சேவலைத் திரும்பத் திரும்ப ஏலம் விட்ட ராமசாமி அண்ணன் இன்று விடியற்காலை போய்விட்டார்.

டீயைக் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தவர்தான்... அவ்வளவுதான்.

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. போனில் பேசுகிறேன், அது எழுதிக்கொள்கிறது. தப்பாக விழுந்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். பருத்தி மண்டியிலும் கோயிலிலும் ஏலம் கூவுவது அவர் வேலை. ரெட்டிபாளையம் ரோட்டில் சிமெண்ட் லாரி போகிற சத்தத்தையும் தாண்டி வரும் குரல்.

எங்கள் ஊர் முருகேசன் மகள் செல்வராணிக்கு அப்போது மூன்று வயது. பிறந்ததும் அழாத பிள்ளை. மூளைக்குக் காற்றுப் போகவில்லை என்றார்கள். கழுத்தே நிற்கவில்லை.

"பயிற்சிய இப்பவே ஆரம்பிக்கணும். உட்கார வைக்கத் தனி நாற்காலி வேணும். தள்ளிப்போட்டா உடம்பு இறுகிடும்" என்று திருச்சி டாக்டர் சொல்லிவிட்டார்.

முருகேசன் கல் லாரியில் கிளீனர். நாங்கள் நாலு பேர் வசூல் செய்து கொண்டுபோய்க் கொடுத்தோம். வாங்கவில்லை. "எம் புள்ளையக் காட்டிப் பிச்சை எடுத்தான்னு நாளைக்கு எவனும் சொல்லக் கூடாது" என்று கதவைச் சாத்திக்கொண்டான்.

திருச்சிக்குப் போவதும் நின்றுபோனது...

ராமசாமி அண்ணன்தான் வழி கண்டுபிடித்தார். மகளுக்காக முருகேசன் அம்மனுக்கு ஒரு சேவல் நேர்ந்து, திருவிழாவில் கொண்டுவந்து விட்டான். அப்படி வந்ததை ஏலம் போடுவது எங்கள் ஊர் வழக்கம். எடுத்தவர் பிரியப்பட்டால் கோயிலுக்கே திருப்பிக் கொடுப்பார், மறுபடி ஏலம் போகும்.

"இந்தச் சேவல் காசு பூரா செல்வராணிக்கு. ஆத்தா குடுக்குறது. வேண்டாம்னா நீ ஆத்தாகிட்டப் போய்ப் பேசிக்கடா முருகேசா" என்று மைக்கிலேயே சொல்லிவிட்டார். அவன் அம்மனைப் பார்த்துக் கும்பிட்டான்.

முதலில் நான் எடுத்துத் திருப்பிக் கொடுத்தேன். அடுத்து டீக்கடை அமீர் பாய்.

"என்ன பாய், வூட்டுல மசாலா அரைச்சு வச்சாச்சாமே" என்றார் அண்ணன் மைக்கில்.

"அட போங்கண்ணே. இந்தச் சேவல் வேவுறதுக்குள்ள அடுத்த திருவிழா வந்துரும்" என்று அவரும் திருப்பிக் கொடுத்தார்.

அப்புறம் பெரியசாமி. பஸ் காசை மிச்சம் பிடிக்க டவுனுக்கு நடந்தே போகிற மனுஷன், அன்றைக்கு விடாமல் விலையை ஏற்றி எடுத்தார். எடுத்ததும் சேவலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடையைக் கட்டினார்.

"யோவ் பெரியசாமி, சேவலைக் குடுத்துட்டுப் போய்யா."

"காசு குடுத்தாச்சுல்ல. அப்புறம் என்ன."

"கஞ்சப்பய... ஒரு கொழம்புக்கு ஆசைப்பட்டு புள்ள நாற்காலியக் கெடுக்கிறியே" என்றார் அண்ணன். ஊர் முழுக்கக் கேட்டது. பெரியசாமி திரும்பிப் பார்க்கவில்லை.

அண்ணன் தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறினார். "சேவல் போனா போவுது. துண்டு இருக்கு. கேளுங்கப்பா."

நாற்காலிக்கும், பயிற்சிக்குப் போய்வரவும் அந்தத் துண்டை ஏலம் விட்டதில்தான் சேர்ந்தது.

மறுநாள் காலையில் பெரியசாமி சேவலோடு முருகேசன் வீட்டு வாசலில் நிற்கிறார். செல்வராணியின் அம்மா அஞ்சலையிடம், "நேத்து உன் மடியில கெடந்த புள்ள, சேவல் கூவுறப்பெல்லாம் தலையத் தூக்கப் பாத்துச்சு தாயி. அவங்க எல்லாம் மைக்கப் பாத்தாங்க. நான் புள்ளையப் பாத்தேன். அங்க விட்டா எவனாச்சும் அறுத்துருவான். அதான் புடிச்சுட்டுப் போயிட்டேன்" என்றார்.

செல்வராணியின் கையை எடுத்துச் சேவலின் முதுகில் வைத்தார். மடங்கியிருந்த விரல் மெல்லப் பிரிந்தது.

அரை மணி நேரத்தில் கோயில் மைக் கரகரத்தது. "ஊராருக்கு ஒரு தகவல். நேத்து பெரியசாமிய கஞ்சப்பயன்னு சொன்னது நான்தான். அந்த வார்த்தைய வாபஸ் வாங்கிக்கிறேன். ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம்."

நாற்காலி வந்தது. எதிரே சேவலைக் கட்டிப்போட்டார்கள். கழுத்து நிற்க ஆரம்பித்தது... மெதுவாகத்தான். பெல்ட், காலுக்கு ஷூ, பிறகு வாக்கர். ஒவ்வொன்றுக்கும் ஒரு ஆடி வந்தது, ஒரு ஏலம் நடந்தது.

வாக்கர் வந்த பிறகு சாயங்காலமானால் அண்ணன் அவர்கள் வீட்டுக்குப் போய்விடுவார். செல்வராணி எழுந்து நிற்கும், இவர் எதிரே நின்று கூவுவார்.

"செல்வராணி நிக்குது... ஒரு தரம். நல்லாவே நிக்குது... ரெண்டு தரம். கேக்குறவங்க கேக்கலாம்..."

அது நிற்கிற வரைக்கும் மூணாவது தரம் சொல்ல மாட்டார். கால் நடுங்கும், அது சிரிக்கும், இவர் இழுத்துக்கொண்டே போவார். உட்கார்ந்த பிறகுதான் மூணு.

"சட்டுனு முடிங்கண்ணே, புள்ளைக்கு வலிக்குது" என்று அஞ்சலை சொன்னால், "ஏலத்துல பொம்பளைங்க குறுக்க பேசப்படாது" என்பார்.

இன்று பத்து மணிக்கு அவர் வீட்டுக்குச் செல்வராணி வாக்கரோடு வந்தது. ஐஸ் பெட்டி முன்னால் நின்றது. நாற்காலி போட்டார்கள், உட்காரவில்லை. அதற்குப் பேச்சு முழுசாக வராது.

"ஒரு... தரம்" என்றது. ரொம்ப நேரம் கழித்து, "ரெண்டு... தரம்."

அதற்கு மேல் சொல்லவில்லை. கால் நடுங்கியது, நின்றுகொண்டே இருந்தது.

போயிட்டு வாங்கண்ணே. தொண்டைக்கு இனிமேலாவது ஓய்வு குடுங்க.

முருகேசன் போய்விட்டான். அமீர் பாய் போய்விட்டார். பெரியசாமியும் போய்ச் சேர்ந்தார். இன்று நீங்களும்... என்னை விட்டால், அந்தச் சேவலைத் தொட்டவர்களில் மிச்சம் ஒரே ஆள்.

செல்வராணி.