இடப்பக்கத்துப் பூட்டு

அந்தப் பழைய ஃபோர்வீல் வண்டி மெங்லெம்பு கடைவீதி முனையில் திரும்பும்போதே வீட்டிலிருக்கும் பாப்பாவுக்குச் சத்தத்திலேயே தெரிந்துவிடும். கொஞ்ச நாளாக வண்டி ஊளையிட்டுக்கொண்டே வீடு வந்தது. ஆனால் அவளை அரித்தது அந்தச் சத்தம் இல்லை. இடப்பக்கத்துக் கண்ணாடி தினமும் இரண்டு விரல்கடை இறங்கியிருந்தது. வலப்பக்கம் உட்கார்ந்து தனியாக ஓட்டிப் போய் வருகிற புருஷன், எட்டிக் கையை நீட்டி அந்தக் கண்ணாடியை ஏன் இறக்க வேண்டும்?

பாப்பா கேட்கவில்லை. அவள் கேட்கிற ரகம் இல்லை, பார்க்கிற ரகம்.

அவள் கணவர் சீனி, தாப்பா ஊருக்கு அப்பால், பழைய அஞ்சாங்கட்டைத் தோட்டத்தில் டுரியான் பழமும் பெத்தாய்க் காயும் வாங்கி ஈப்போவில் விற்பவர். ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்ட அந்தத் தோட்டத்தில், மழை பெய்தால் உள்பாதை முழுக்கச் சேறுதான். முட்டி கெட்டுப்போகும்வரை பாப்பாவும் தினமும் கூடப் போனாள். சேறு தொடங்குமிடத்தில் வண்டி நிற்கும். முன்சக்கரம் ஒவ்வொன்றின் நடுவிலும் போத்தல் மூடி போல ஒரு பூட்டு. இறங்கி அதைத் திருப்பினால்தான் முன்சக்கரமும் இழுக்கும். திரும்பத் தார் ரோட்டுக்கு வந்ததும் மறுபடி இறங்கித் திறந்துவிட வேண்டும். இப்போது வரும் வண்டிகளில் உட்கார்ந்த இடத்திலேயே ஒரு பட்டன் போதும். இது அப்படி இல்லை.

வலது அவருக்கு, இடது இவளுக்கு. யாரும் பேசி வைத்ததில்லை. வண்டி வாங்கிய நாளிலிருந்து அப்படித்தான். அவர் ஒருநாளும் முன்பக்கம் சுற்றி இந்தப் பக்கம் வந்ததில்லை, இவளும் அந்தப் பக்கம் போனதில்லை.

முட்டி வலிக்காக கிளினிக் போன அன்று, வழியில் வைரவனின் வர்க்‌ஷாப்பில் வண்டியை நிறுத்தினார் சீனி. வைரவன்தான் அவர்கள் வண்டியைப் பழுது பார்க்கும் போமன். ஏற்கெனவே பேரிங் மாற்றி, எண்ணெயும் மாற்றிப் பார்த்தும் சத்தம் போகவில்லை.

"ஏறுங்க அண்ணே, ஒரு சுத்து போலாம். அக்கா, நீங்களும் காத கொடுங்க."

ஓடுகிற வண்டியில் வைரவன் கிளட்சை மிதித்து கியரை நியூட்ரலுக்கு எடுத்தான். வண்டி தானாக உருண்டது. ஊளை நிற்கவில்லை.

"இஞ்சின் இல்ல. கியர்பாக்ஸும் இல்ல லா."

இப்படியும் அப்படியும் வளைத்து ஓட்டினான். சத்தம் கூடவுமில்லை, குறையவுமில்லை.

"பேரிங்கும் இல்ல. வீணா மாத்திட்டேன், திட்டாதீங்க."

வர்க்‌ஷாப்புக்குத் திரும்பி முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கினான். வலது சக்கரத்தைக் கையால் சுற்ற, அது மட்டும் சுற்றியது. இடதைச் சுற்ற, உள்ளே அச்சும் சேர்ந்து சுற்றி, வயிற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் முனகியது. துணியால் சேற்றைத் துடைத்துப் பார்த்தவன் சிரித்துவிட்டான்.

"அண்ணே! ஒரு பக்கம் பூட்டு, ஒரு பக்கம் தொறப்பு! இப்டியே ஈப்போ வரைக்கும் ஓட்டுனா உள்ள இருக்கிற பல்லெல்லாம் சும்மா சுத்திச் சுத்தி கத்தாம என்ன செய்யும்? நல்லவேளை, இன்னும் தேயல. யாரு இந்தப் பக்கத்த இப்டி வுட்டது?"

சீனி தலையைச் சொறிந்தார். பாப்பா பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தபடி அந்தப் பூட்டையே பார்த்தாள். அவளுடைய பூட்டு. அதை வேறொரு கை திருப்பியிருக்கிறது. திருப்பத் தெரிந்த கைக்குத் திறந்துவிடும் பழக்கம் மட்டும் இல்லை. தோட்டத்தில் பெத்தாய் கட்டுகிற நல்லம்மாள் நினைவுக்கு வந்தாள். புருஷன் இல்லாதவள். இன்னும் கருகருவென்று முடி. முட்டியும் நல்ல முட்டி.

வைரவன் பூட்டைத் திறந்துவிட, வண்டி சத்தமில்லாமல் வீட்டுக்குத் திரும்பியது. அந்த அமைதி அவளைப் பேச வைத்தது.

"எடப்பக்கத்த யாரு பூட்டுனா?"

"நாந்தான். பூட்டாட்டி சேத்துல ஏறாதே."

"பூட்டத் தெரிஞ்ச ஆளுக்கு தொறக்கத் தெரியாதா?"

"தார் ரோட்டுக்கு வந்தா என் பக்கத்த தொறந்துட்டு ஏறி உட்காந்துருவேன். அது உன் சைட் லா, பாப்பா. சமயத்துல நீ ஏறட்டும்னு காத்துக்கிட்டு வேற இருப்பேன்."

பாப்பாவின் நெஞ்சுக்குள் ஏதோ இளகியது. ஆனாலும் விடவில்லை.

"கண்ணாடி?"

"நல்லம்மாள மெயின் ரோடு வரைக்கும் ஏத்திட்டு வாரேன். அதுக்கு தல சுத்துமாம், காத்து வேணுமாம்."

"சொல்லவே இல்ல."

"நீ கேக்கவே இல்ல."

"அவ எறங்கித் திருப்ப மாட்டாளோ?"

"அதுக்கு அந்தப் பூட்டு இருக்கறதே தெரியாது. பீடத்துல ஏறுன சாமி மாதிரி உட்காந்து வரும்."

அவர் சிரித்தார். பாப்பா சிரிக்கவில்லை. பீடம் அவளுடையது.

மறுநாள் விடியும்போது முட்டியில் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு வண்டியில் ஏறிவிட்டாள். சீனி வண்டியைக் கிளப்பினார். தோட்டத்தில் பெத்தாய்க் கட்டுகளை ஏற்றி முடித்ததும் நல்லம்மாள் வழக்கம்போல் இடப்பக்கத்துக் கதவைத் திறந்தாள். உள்ளே பாப்பா இருந்தாள்.

"அக்கா! வந்துட்டீங்களா! நல்லா இருக்கீங்களா?"

"இருக்கேன். ஏறு."

பாப்பா நடுவில் நகர்ந்து சீனியின் தோளோடு ஒட்டி உட்கார்ந்தாள். நல்லம்மாள் கண்ணாடியை இரண்டு விரல்கடை இறக்கிக்கொண்டாள். வண்டி சேற்றில் முக்கி, இழுத்து, தார் ரோட்டு விளிம்புக்கு வந்து நின்றது. சீனி இறங்கித் தன் பூட்டைத் திறந்துவிட்டு ஏறினார். ஸ்டியரிங்கில் கையை வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

"கொஞ்சம் எறங்கிக்க," என்றாள் பாப்பா.

நல்லம்மாள் சேலையைத் தூக்கிப் பிடித்துச் சேற்றில் இறங்கி நிற்க வேண்டியதாயிற்று. பாப்பா கதவைப் பிடித்து, வலி பொறுத்து, மெல்ல இறங்கிச் சக்கரத்தருகே குனிந்தாள்.

"ஐயோ அக்கா, முட்டியோட ஏன்? எப்டின்னு சொல்லுங்க, இனிமே நானே திருப்பிடுறேன்."

"வேணாம். இது பழகுன கைக்குத்தான் திரும்பும்."

அது பொய். சின்னப் பிள்ளை கைக்கே திரும்பும். பாப்பா அதைத் திருப்பிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, நல்லம்மாளுக்கு முன்னால் ஏறினாள்.