அனுபவமுள்ள பேராசிரியர் எழுதிய கைடு

அந்த இலக்கியம் எனக்கு ஒரு டிரங்குப் பெட்டியில் வந்தது. மதுரையில் எம்.ஏ. படித்தபோது ஆங்கில உச்சரிப்பு சொல்லிக்கொடுக்க ஒரு வருடத்துக்கு டெக்சாஸிலிருந்து ஓர் ஆசிரியை வந்திருந்தார். அவருடைய தாயும் தகப்பனும் மெக்சிகோவிலிருந்து பருத்தி எடுக்கப் போனவர்கள். உச்சரிப்பு வகுப்பு முடிந்ததும் தன் சனங்களில் பெண்கள் எழுதிய கவிதைகளையும் கதைகளையும் எங்களுக்கு வாசித்துக் காட்டுவார். வீட்டில் ஸ்பானிஷ், பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ், மாறிப் பேசினால் விரல் முட்டியில் அடி என்று இருக்கும். பெரிய கம்பெனி எதுவும் போடாத எழுத்து. சைக்ளோஸ்டைல் எடுத்து ஓரத்தில் பின் அடித்த தாள்கள். ஊருக்குத் திரும்பும்போது அவர் சாமான்களையெல்லாம் எங்களுக்குக் கொடுத்தார். மற்றவர்கள் குடையையும் ஜன்னல் திரையையும் எடுத்துக்கொண்டார்கள். பெட்டியை யாரும் தொடாததால் அது எனக்கு வந்தது. எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. உலகமே இந்தப் பெட்டியைத்தான் எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறது என்று நினைத்தேன்.

உலகத்தில் திண்டுக்கல்லும் சேர்த்திதானே. அங்கே ஒரு பெண்கள் கல்லூரியில் டியூட்டர் வேலை கிடைத்தது. டியூட்டர் என்றால் பாதி ஆசிரியை. கட்டுரை நோட்டுத் திருத்துவது அந்தப் பாதி. விழா நாட்களில் நாற்காலி எண்ணுவதும் கூட்டங்களில் வடை எடுத்து வைப்பதும் மீதிப் பாதி. தாடிக்கொம்பிலிருந்து பஸ்ஸில் போய்வந்தேன். மடியில் எப்போதும் அந்தச் சைக்ளோஸ்டைல் தாள்கள் இருக்கும்.

பல்கலைக்கழகம் கை வைக்காத ஒரே ஒரு பாடம் எங்கள் கல்லூரியில் இருந்தது. வெள்ளிக்கிழமை பிற்பகல் பொதுத்தாள். கல்லூரியே பாடம் வைத்து, கல்லூரியே பரீட்சை நடத்தும். பல வருடங்களாக அதில் 'நற்பண்புகள்' போய்க்கொண்டிருந்தது. நடத்தியவர் ஓய்வு பெற்றதும் இடம் காலியாயிற்று. அந்த இடம் எனக்கு வேண்டும். இந்த எழுத்தை ஒரு வருடம் வகுப்பில் நடத்திக் காட்டினால் ஆராய்ச்சிக்குச் சேர்த்துக்கொள்வதாக மதுரைப் பேராசிரியர் ஒருவர் சொல்லியிருந்தார். அந்த வெள்ளிக்கிழமையை விட்டால் ஆயுசுக்கும் வடைதான்.

ஆங்கிலத் துறைத்தலைவியிடம் போனேன். அவர் பல வருடங்களாக ஒரே நோட்டிலிருந்து பாடம் சொல்லி எழுத வைக்கிறவர். அக்காள் எழுதிய நோட்டை எடுத்துவந்து தங்கை வகுப்பில் உட்கார்ந்தால், விட்டுப்போன கமாக்களைப் போட்டுக்கொள்ளலாம். வேறு வேலை இருக்காது.

நான் மூச்சு விடாமல் பேசியதைப் பொறுமையாகக் கேட்டார்.

"நல்லாத்தான் இருக்கு. நோட்ஸ் இருக்கா?"

"இல்ல மேடம். நேரா புத்தகத்தையே படிக்கலாம்னு..."

"புத்தகத்தையே படிக்கிறதா." கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "பிள்ளைக பரீட்சைக்கு எதைப் படிக்கும்? கடையில கைடு இருக்கா?"

"இதுக்கெல்லாம் கைடு வந்திருக்காது மேடம்."

"கைடு இல்லாத பாடத்த, நாளைக்கு நீ கல்யாணமாகிப் போயிட்டா யாரும்மா நடத்துவா? ஒரு கைடு கொண்டா. நான் கமிட்டியில பேசுறேன்."

எந்தக் கடையிலும் இல்லாததைக் கொண்டா என்றால் நான்தான் எழுத வேண்டும். எழுதினேன். மூன்று வாரம். கைடுக்கு ஒரு நடை உண்டு, அது எனக்கு இவ்வளவு சுலபமாக வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. கருப்பொருள், மையக்கருத்து, முக்கிய வினாக்கள் என்று தலைப்புப் போட்டுவிட்டால் தெரியாத விஷயமும் தெரிந்ததுபோல் வந்து உட்கார்ந்துகொள்கிறது. சந்தேகம் வந்த இடத்திலெல்லாம் 'ஐயமின்றி' என்று எழுதிச் சமாளித்தேன்.

கல்யாணப் பத்திரிகையும் தோல் மண்டிகளுக்குப் பில் புத்தகமும் அடிக்கிற ஒரு பாய், பரீட்சை நேரத்தில் கைடும் போடுவார். அவரிடம் கொடுத்தேன்.

"பேரு என்ன போட, டீச்சரம்மா?"

"என் பேரு வேணாம் பாய். டியூட்டர் எழுதுனதுன்னா எவரும் தொட மாட்டாங்க."

"அதுக்கென்ன. 'அனுபவமுள்ள பேராசிரியர்'னு போட்டுருவோம். கணக்கு, பூகோளம், இங்கிலீஷு, நம்ம பிரஸ்ல வாரதெல்லாம் அவரு எழுதுனதுதான்."

"யாரு பாய் அவரு?"

"போன மாசம் பூகோளத்துக்கு எம் மச்சான். இந்த மாசம் நீங்க."

கமிட்டி கூடியது. தலைவி கைடை மேஜைமேல் வைத்தார். தாளாளர் ஊரில் பெரிய வியாபாரி. அட்டையை மட்டும் படித்தார். "அனுபவமுள்ள பேராசிரியரே எழுதியிருக்காரு. அப்பறம் நாம என்ன பேச?" பாடம் நிறைவேறியது. நான் டியூட்டர் என்ற முறையில் சுவரோரம் நின்று வடையைத் தட்டுகளில் வைத்துக்கொண்டிருந்தேன். சந்தோஷத்தில் ஒரு தட்டில் மூன்று விழுந்துவிட்டது.

"நடத்துறது யாரு?" என்று ஒருவர் கேட்டார்.

"கைடு இருக்கையில யாரு வேணாலும் நடத்தலாமே. நம்ம வரலாறு சார் வெள்ளிக்கிழமை சும்மாதான இருக்காரு" என்றார் தாளாளர். வரலாறு சார் அவருக்கு ஒருவகையில் சகலை முறை. மூன்று வடை வைத்த தட்டு வரலாறு சார் முன்னால்தான் போய் நின்றது.

கூட்டம் கலைந்ததும் தலைவியின் அறைக்கு ஓடினேன். "மேடம், அந்த கைடை எழுதுனது நான்தான்."

அவர் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். "தெரியாமயா இருக்கேன்? ஆனா வெளிய மூச்சு விட்டுறாத. டியூட்டர் எழுதுனதுன்னு தெரிஞ்சா பாடத்தையே தூக்கிருவாங்க. திரும்ப நற்பண்புதான். என்ன செய்யிற, சொல்லு."

வாயை மூடிக்கொண்டேன். வெள்ளிக்கிழமைகளில் வராந்தாவில் நோட்டுக் கட்டோடு மெதுவாக நடப்பேன். உள்ளே என் வாக்கியங்கள் வரலாறு சாரின் குரலில் கேட்கும். பிரஸ்ஸில் இரண்டு பக்கங்களை மாற்றிக் கோத்துவிட்டிருந்தார்கள். பருத்திக்காட்டில் ஆரம்பித்த ஒரு வாக்கியம் அடுத்த பக்கத்தில் இன்னொருத்தியின் கல்யாண வீட்டில் போய் முடிந்தது. சார் தயங்காமல் சொல்லிக்கொண்டே போனார். நாற்பது பெண்களும் தலை நிமிராமல் எழுதினார்கள்.

ஒருநாள் ஆசிரியர் அறையில் அவர் என்னிடம் கைடை நீட்டினார். "நீயும் ஒருநாள் இப்படி எழுதப் பழகணும்மா. மனுசன் எம்புட்டு ஆழமாப் போயிருக்காரு. அனுபவம் பேசுது. எப்படியும் என் வயசு இருக்கும் அவருக்கு."

"கூடவும் இருக்கலாம் சார்" என்றேன்.

மதுரைப் பேராசிரியருக்கு நிலைமையை எழுதினேன். கைடின் ஒரு பிரதியையும் வைத்து அனுப்பினேன். அதை எழுதியது நான் என்று கடிதத்தில் எழுத அச்சம், எப்படியும் கண்டுபிடித்துவிடுவார் என்று ஒரு நப்பாசை. பதில் சுருக்கமாக வந்தது. வகுப்பு நடத்தாமல் சேர்த்துக்கொள்ள முடியாது. மேலும், இந்தத் துறையில் திண்டுக்கல்லிலேயே அனுபவமுள்ள பேராசிரியர் ஒருவர் இருப்பதாகத் தெரிகிறது. முதலில் அவரைப் போய்ப் பார்க்கவும்.

கடிதத்தை நான்காக மடித்துக் கைப்பையில் போட்டுக்கொண்டு நேரே பிரஸ்ஸுக்குப் போனேன். பாய்க்கு என்னைக் கண்டதும் சந்தோஷம். "கைடு அம்புட்டும் வித்துருச்சு. திரும்ப அடிக்கணும். ஏதாச்சும் திருத்தம் இருக்கா?"

இருந்தது. எங்கள் கல்லூரியில் ஒரு விதி உண்டு. திருத்திய பதிப்பு வந்துவிட்டால் பழைய பதிப்பை வகுப்பில் திறக்கக் கூடாது. பழையதில் என்ன சரியாக இருந்தாலும் சரி. அந்த விதியை நம்பி இரண்டே நாளில் வேலையை முடித்துக் கொடுத்தேன். பாய் தாள்களைப் புரட்டினார்.

"டீச்சரம்மா, கேள்வி மட்டும்ல இருக்கு. பதிலெல்லாம் எங்க?"

"மூல நூலைப் படிச்சுக் கண்டுபிடிக்கணுமாம் பாய். முன்னுரையில எழுதியிருக்காரு பாருங்க."

"ஏன் இப்படிப் பண்ணாரு?"

"அவருக்கு மனசு மாறிருச்சு."

திருத்திய பதிப்பு வந்த முதல் வெள்ளிக்கிழமை வரலாறு சார் கேள்விகளையே சொல்லி எழுத வைத்தார். அடுத்த வெள்ளிக்கிழமை ஒரு பெண் எழுந்து பதிலைக் கேட்டாள். அதற்கடுத்த வெள்ளிக்கிழமை சாருக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. அதன் பிறகு அது வாரம் தவறாமல் வெள்ளிக்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்கு மேல் பிடித்தது. சனிக்கிழமை காலையில் நன்றாக நடப்பார்.

தலைவி கூப்பிட்டுவிட்டார். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "அடுத்த பதிப்பு வர்ற வரைக்கும் நீயே பாத்துக்கம்மா."

அப்படித்தான் எனக்கு வகுப்பு கிடைத்தது. சைக்ளோஸ்டைல் தாள்களோடு போய் மேடைமேல் ஏறினேன். கைடை மூடி வைக்கச் சொல்லிவிட்டு ஒரு கவிதை வாசித்தேன். ஒருத்தி வாசலில் உட்கார்ந்து நாளெல்லாம் வத்தல் மிளகாய்க்குக் காம்பு கிள்ளுகிறாள். முழங்கையால் கண்ணைத் துடைத்துக்கொள்கிறாள். மகள் பள்ளிக்கூடம் விட்டு வருகிறாள். அவ்வளவுதான் கவிதை. வாசித்து முடித்து, "இப்ப சொல்லுங்க, அவ ஏன் அழுகுறா?" என்றேன்.

வகுப்பு முழுவதும் நோட்டைப் புரட்டியது. முதல் பெஞ்சுப் பெண் எழுந்து ஒப்பித்தாள். "அக்கண்ணீர் ஐயமின்றிப் பிறந்த மண்ணைப் பிரிந்த துயரத்தின் சின்னமாகும்." என் வாக்கியம்தான். முதல் பதிப்பு.

கடைசி பெஞ்சில் நெய்க்காரப்பட்டிப் பெண் ஒருத்தி கையைத் தூக்கினாள். வீட்டில் மிளகாய் போடுகிறவர்கள்.

"ஏனுங்க மிஸ், அந்தம்மா அழுகவே இல்லீங்களே."

"பின்ன?"

"மிளகாய்க் காம்பு கிள்ளுனா கண்ணு எரியுமுங்க. கையில தொடைச்சா இன்னும் எரியும், அதான் முழங்கையில தொடைக்கிறாங்க. எங்கம்மாளும் அப்படித்தானுங்க."

"அப்ப கவிதையில என்னதான் இருக்கு?"

"புள்ள வந்ததும் கை கழுவோணுமுங்க. கழுவாம புள்ளைய தொட முடியாது. அதுதானுங்க இருக்கு."

மூன்று வாரம் உட்கார்ந்து எழுதியும் அனுபவமுள்ள பேராசிரியருக்கு அந்தக் கை கண்ணில் படவில்லை. அந்தக் கவிதையை நான் குறைந்தது ஐம்பது தடவை படித்திருப்பேன்.

"அவ சொல்றதுதான் சரி" என்றேன் வகுப்பைப் பார்த்து. "கைடுல இருக்கிறது தப்பு."

முதல் பெஞ்சுப் பெண்ணுக்கு முகம் வெளுத்துவிட்டது. "மிஸ், பரீட்சைக்கு எதை எழுதுறது?"

ஆண்டுப் பரீட்சைக் கேள்வித்தாளை வரலாறு சார் முதல் பதிப்பை வைத்து எப்போதோ தயாரித்துக் கொடுத்தாகிவிட்டது. திருத்தப்போகிறவரும் அவர்தான். இந்தப் பெண்களில் பாதிப் பேருக்கு, ஒரு தாளில் தவறினால் அடுத்த முகூர்த்தத்தில் வீட்டில் கல்யாணத்தை முடித்துவிடுவார்கள். எனக்குத் தொண்டையில் பெரிய பேச்சு ஒன்று தயாராக இருந்தது. அதை விழுங்கிவிட்டுச் சொன்னேன்.

"பரீட்சையில பிறந்த மண்ணுன்னு எழுதுங்க. இங்க இருக்கிறப்ப மிளகாய்."

நாற்பது தலைகளும் ஒன்றாகக் குனிந்தன. நான் சொன்ன இரண்டு வரியையும் அப்படியே நோட்டில் எழுதிக்கொண்டார்கள். நெய்க்காரப்பட்டிப் பெண்ணும் எழுதினாள்.